தண்ணீர் கேட்காத கான்கிரீட்

போபோடியில் எங்கள் சந்துக்குள் வந்து பவுன் வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும். அவள் என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டால் மட்டும் பெரியவர்களே முழிப்பார்கள். "சைட்ல ஏதோ வேலை" என்பார்கள். ஏதோ வேலையாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். கட்டடத்துக்குத் தண்ணீர் விடுவது அவள் வேலை.

சிரிக்காதீர்கள். புதிதாக ஊற்றிய கான்கிரீட்டை அப்படியே வெயிலில் விட்டுவிட்டால் அது சரியாக இறுகாது, பாளம் பாளமாக வெடிக்கும். தூணுக்கு ஈரச்சாக்கு சுற்ற வேண்டும். தளத்துக்கு மேலே கலவையால் குட்டி வரப்பு கட்டி, பாத்தி பாத்தியாகத் தண்ணீர் நிறுத்த வேண்டும். காயக் காய மறுபடி விட வேண்டும். இங்கே இந்தியில் அதற்கு ‘பானி மார்னா’, தண்ணீர் அடிப்பது, என்று பெயர். பெரிய சைட் என்றால் அதற்கென்றே ஆள் இருக்கும். சின்னக் கட்டடம் என்றால் வாட்ச்மேனும் அவன் பெண்டாட்டியும் பார்த்துக்கொள்வார்கள்.

என் பெயர் ஸ்டெல்லா. சாங்வியில் பவுன் வேலை பார்த்த பெரிய சைட்டின் வாசலில் இட்லி வண்டி போடுகிறவள். பவுன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். காலையில் ஒன்றாகத்தான் கிளம்புவோம். நான் வண்டியைத் தள்ளுவேன், அவள் பின்னாலிருந்து இடது கையால் ஒரு தள்ளு தள்ளுவாள்.

இடது கைதான், ஏனென்றால் வலது கை தோளுக்கு மேல் ஏறாது. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து புருஷனோடு இந்த வடக்கத்தி ஊருக்கு வந்து, இரண்டு பேருமாகச் சைட் சைட்டாகக் கலவைச்சட்டி சுமந்தவர்கள். அவன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தான். அதற்கப்புறமும் சுமந்தாள். வாக்கடில் ஒரு கட்டடத்தில் பலகைச் சரிவிலிருந்து சட்டியோடு விழுந்தாள். எலும்பைச் சேர்த்துக் கட்டினார்கள், சேர்ந்தது என்று சொன்னார்கள். கை மட்டும் சொன்னபடி கேட்கவில்லை.

வீட்டு வேலைக்குப் போய்ப் பார்த்தாள். துணி உலர்த்தக் கை எட்டவில்லை, ஃபேன் துடைக்க முடியவில்லை. அந்த அம்மாக்களும் எத்தனை நாள் பொறுப்பார்கள்? என் வண்டியில் சேர்த்துக்கொள்ளலாம் என்றால், அது எனக்கும் என் வீட்டுக்காரருக்குமே பற்றாத வண்டி. கடைசியில் முக்காதம் தங்கராஜ்தான், நல்ல மனுஷன், "பைப்பைப் புடிச்சிக்க" என்று சாங்வி சைட்டில் சேர்த்துவிட்டார். ஆள் கூட்டிவந்து வேலை வாங்குகிற முக்காதம்களில் அப்படி ஒருவர் கிடைப்பது அபூர்வம்.

"இந்த வேலையும் போச்சுன்னா என்னை எவன் சேப்பான்க்கா?" என்று அவள் அடிக்கடி சொல்வாள். புலம்பலாகச் சொல்லமாட்டாள். நாளைக்கு மழை வரும் என்பதைப்போலச் சொல்வாள்.

பிடித்த வேலையை அவள் செய்த அழகு இருக்கிறதே! தூணைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பாள், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிறமாதிரி. சூடாக இருந்தால் உச்சுக் கொட்டுவாள். டாங்கர் லாரியில் வருவது சுத்தம் பண்ணின சாக்கடைத் தண்ணீர், அதன் வாடை அவள் புடவையிலேயே தங்கிவிட்டது. "உன் மாமியாருக்காவது இவ்ளோ செஞ்சிருப்பியாடி?" என்று நான் சீண்டுவேன். "அந்தக் கிழவி இவ்ளோ சீக்கிரம் குளிராதுக்கா" என்பாள்.

கிருஷ்ணப்ரியா வந்து சேர்ந்தது போன தீபாவளிக்கு அப்புறம். கோயம்புத்தூர்ப் பெண், கான்கிரீட்டின் தரம் பார்க்கிற இன்ஜினியர். சாங்வியிலேயே ஓர் அறையில் தங்கியிருந்தாள். மஞ்சள் தொப்பியைக் கழற்றி வண்டி மேல் வைத்துவிட்டு இட்லி சாப்பிடுவாள். அந்தப் பெண்ணுக்கு எதை நீட்டினாலும் வாயில் முதலில் வருவது ‘வேண்டாங்க’தான்.

"இன்னொரு இட்லி?"

"வேண்டாங்க, போதுங்க."

நாம் விட்டுவிடுவோமா? யார் வீட்டில் அப்படி விடுவார்கள்? தட்டில் போட்டால் சாப்பிட்டுவிடும். பசிக்கிற வயிறு, சொல்லக் கூச்சம், அவ்வளவுதான். பவுனுக்கு இதெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரியும். தொப்பியைக் கழுவித் தரட்டுமா என்பாள், ‘வேண்டாங்கக்கா, சிரமப்படாதீங்க’ என்று பதில் வரும், இவள் பிடுங்கிக் கழுவிவிட்டுத்தான் தருவாள். அதுவும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்ளும். தன் மகள் சோலாப்பூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டதால் பவுனுக்கு இந்தப் பெண் மேல் அப்படி ஒரு பிரியம். பாப்பா, பாப்பா என்று வாய் ஓயாது.

பங்குனி பிறந்ததும் டாங்கர் தகராறு ஆரம்பமானது. தண்ணீர் வரவேண்டிய நாளில் வராது. வந்தால் பாதி டாங்கர்தான் வரும். புதிதாகப் போட்ட ஒரு தளம் காய்ந்து மேலே மயிரிழை மயிரிழையாகக் கீறல் விட்டது. சைட்டுக்கே மேலதிகாரியான பெரிய சாகேப் எல்லோரையும் நிற்கவைத்துத் திட்டினார், கிருஷ்ணப்ரியாவையும் சேர்த்து. அது வண்டியருகே வந்து தலையைக் குனிந்துகொண்டு டீ குடித்தது. பவுன் பக்கத்தில் நின்று முந்தானையால் விசிறினாள்.

அதற்கப்புறம்தான் அந்தப் புதுக் கலவை. நான் என்ன ஏது என்று கேட்டபோது அந்தப் பெண்ணே பொறுமையாகச் சொன்னது. சிமெண்டைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, அந்த இடத்தில் கரண்டு தயாரிக்கிற நிலையத்திலிருந்து வரும் நிலக்கரிச் சாம்பலையும், இரும்பாலைக் கசடை மாவாக அரைத்ததையும் போடுவார்களாம். கூடவே ஒரு திரவம். அது உள்ளே இருக்கிற ஈரத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளுமாம்.

"சாம்பல்லயா ஊடு கட்டப்போறாங்க?" பவுன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சாம்பல் நல்லதுதானுங்கக்கா. என்ன, அது போட்டா இறுகறதுக்கு நாளாகும். சிமெண்ட்டைவிட அதிக நாளைக்கு ஈரம் வேணும். அதுக்குத்தான் இந்த மருந்து."

"பெரிய சாகேப் ஒத்துக்கினாரா?"

"இன்னும் இல்லீங்க. முதல்ல கட்டி போட்டு உடைச்சுப் பாக்கணும். அது நல்லா வந்தாத்தான் எனக்கும் இங்க மதிப்பு."

பவுனின் காதில் ஏறியது இரண்டே விஷயம். ஒன்று, சாம்பல் போட்ட கான்கிரீட்டுக்குத் தாகம் அதிகம். இன்னொன்று, பாப்பாவுக்குப் பரீட்சை.

இரும்பு அச்சில் ஊற்றிச் சதுரச் சதுரமாகக் கட்டிகள் போட்டார்கள். பாதியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினார்கள். மீதியை லேப் கொட்டகைக்கு வெளியே ஒரு பலகையில் வரிசையாக வைத்தார்கள். தண்ணீரில் ஊறியதும் வெயிலில் கிடந்ததும் சமமாக வருகிறதா என்று பார்க்க வேண்டுமாம். இருபத்தெட்டாம் நாள் மிஷினில் வைத்து நசுக்குவார்கள்.

பவுன் பைப்போடு அந்தப் பக்கம் போனவள், பலகையில் கிடந்த கட்டிகளைப் பார்த்து, "இதுங்களுக்கு?" என்று கேட்டிருக்கிறாள்.

"இதுக்குத் தண்ணி வேண்டாங்கக்கா. அதுவே பாத்துக்கும். நீங்க சிரமப்படாதீங்க."

அந்தப் பெண் சொன்னது அவ்வளவுதான். விவரமாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் தண்ணீர் வேண்டாம் என்பதற்கு மேல் என்னத்தை விவரிப்பது? பவுன் அதை எப்படி எடுத்துக்கொண்டாள் என்று உங்களுக்கே புரிந்திருக்கும். பாவம், கூச்சப்படுகிற பெண், நமக்கு வேலை வைக்கக் கூடாதென்று பார்க்கிறது. தொட்டிக்குள் இருக்கிறதெல்லாம் சுகமாக ஊறுகிறது, இதுகள் மட்டும் வெயிலில் கிடந்து காய்கின்றன. பரீட்சையில் பாப்பா தோற்றுப்போனால்?

விடிந்ததும் மற்றவர்கள் வருவதற்கு முன்பு அவள்தான் உள்ளே போவாள். முதல் வேலையாக அந்தக் கட்டிகளுக்குத் தண்ணீர். சாயங்காலம் ஆபீஸ்காரர்கள் போனபின் ஈரச்சாக்கைப் போர்த்திவிட்டு வருவாள். காலையில் சாக்கை எடுத்துவிட்டு மறுபடியும் தண்ணீர். ஒன்பது மணிக்கு அந்தப் பெண் வரும்போது சித்திரை வெயில் எல்லாவற்றையும் உறிஞ்சித் துடைத்து வைத்திருக்கும். யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது, இவ்வளவுக்கும் தினம் கூட நடக்கிறவள் நான்.

இருபத்தெட்டாம் நாள் கட்டிகளை நசுக்கினார்கள். வெயிலில் வைத்தவை தொட்டியில் ஊறியவற்றுக்குக் கிட்டத்தட்டச் சமமாகத் தாங்கின. பெரிய சாகேப் வாயெல்லாம் பல்லாக வெளியே வந்தார். சைட் முழுக்கப் பேடா கொடுத்தார்கள். பவுன் தன் பங்கைக் கொண்டுவந்து எனக்குப் பாதி தந்தாள். "பாப்பா பாஸுக்கா!" அவள் முகத்தை அன்றைக்கு நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மறுநாளே தங்கராஜ் வண்டிக்கு வந்தார். டீயைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார், குடிக்கவில்லை.

"பவுனு, மூணாவது பில்டிங்லேர்ந்து புதுக் கலவைதான். அதுக்குத் தண்ணி தேவையில்லயாம். பானி மார்ற ஆளுங்களை நிறுத்தச் சொல்லிட்டாங்க. ரெண்டாவது பில்டிங்ல மிச்சம் இருக்கறது முடியறவரைக்கும் நீ இரு. அதுக்கு மேல என் கையில இல்ல."

பவுன் முதலில் அவர் என்ன சொல்கிறார் என்றே புரியாமல் சிரித்தாள். "தண்ணி தேவையில்லயா? அதெப்டி? நான்தான் தெனம் உட்டேனே."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். "எதுக்கு விட்டே?" என்று கேட்டேன். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னாள். காலையில் விட்டது, சாயங்காலம் சாக்கு போர்த்தியது, எல்லாம்.

எனக்கு வந்ததே கோபம்! "அடிப் பைத்தியக்காரி! சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கிட்டியேடி! வேணாம்னு சொன்னதுக்கு ஏண்டி போய் ஊத்தின?"

"வேணான்னுதான்க்கா அது எப்பவுமே சொல்லும்" என்றாள். அவ்வளவுதான்.

நான்தான் அவளை இழுத்துக்கொண்டு போனேன். கிருஷ்ணப்ரியா லேப் கொட்டகையில் இருந்தது. பவுன் சொல்லச் சொல்ல அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துப்போனது. திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது நான் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

"தினமுமாங்கக்கா?"

"ஒரு நாளும் தவறல பாப்பா." அதில் பெருமைகூட இருந்தது, கர்த்தரே.

அந்தப் பெண் நேராகப் பெரிய சாகேப்பிடம் போனது. தன் பரீட்சையே செல்லாது என்று தானே போய்ச் சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்? நாங்கள் கதவுக்கு வெளியே நின்றோம். அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. வேலை போகிறது என்றதும் கிழவி கதை கட்டுகிறாள், நீயும் நம்புகிறாயா என்று இந்தியில் கேட்டார். அவள் பொய் சொல்கிறவள் இல்லை, நான் மறுபடியும் கட்டி போட்டுப் பார்க்க வேண்டும் என்று அந்தப் பெண் விடாமல் நின்றது. கடைசியில், போட்டுக்கொள், ஆனால் மூன்றாவது பில்டிங் வேலை நிற்காது என்றார்.

மறுபடியும் அதே சாம்பல், அதே கசடுப் பொடி, அதே மருந்து. இந்தத் தடவை கட்டிகளை வெளியே வைக்கவில்லை. பக்கத்து அறையில் வைத்துப் பூட்டிச் சாவியை அந்தப் பெண் கழுத்துப் பட்டையில் மாட்டிக்கொண்டது. அறைச் சன்னலைத் திறந்துதான் வைத்திருந்தார்கள், காற்றும் அனலும் உள்ளே போகட்டும் என்று. பவுன் அந்தப் பக்கமே போகவில்லை. சுற்றுவழியாகப் பைப்பை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

அந்த நாட்கள் எப்படிப் போயின என்று எனக்குத்தான் தெரியும். கட்டி தோற்றால் பவுனுக்கு வேலை உண்டு. கட்டி தேறினால் இல்லை. இதைவிட எளிமையாக ஒரு மனுஷிக்குத் தலைவிதியை யாரும் சொல்லியிருக்க முடியாது. நான் வெட்கமில்லாமல் ஜெபம் பண்ணினேன், ஏசப்பா, அந்தக் கட்டி உடைந்துபோகட்டும் என்று. பவுனிடமும் சொன்னேன்.

"அப்டி வேண்டாதக்கா" என்றாள். "பாப்பாவுக்கு ஆகாது."

"உனக்கு ஆகணும்னு உனக்கு ஆசை இல்லையா?"

இடது கையால் வண்டியை ஒரு தள்ளு தள்ளினாள். பாலத்தின் மேல் பஸ் ஒன்று எங்களை உரசிக்கொண்டு போனது. "இருக்குது" என்றாள். "ராவெல்லாம் அதான் நெனப்பு. அது ஒடையணும்னு நெனச்சிகினே படுக்கறேன். அப்புறம் அந்தப் பொண்ணு மூஞ்சி வருது. நான் இன்னா ஜென்மம்க்கா?" அவள் அழுததை அப்போதுதான் பார்த்தேன். புருஷன் செத்தபோதுகூட வேலைக்குப் போனவள் அவள்.

இதற்கிடையில் மூன்றாவது பில்டிங்கில் முதல் தளம் போட்டார்கள். வாசலிலிருந்தே தெரியும். சாக்கு இல்லை, வரப்பு இல்லை, மேலே ஒரு ஆள் இல்லை. வெறும் சாம்பல் நிறத் தளம் வைகாசி வெயிலில் கிடந்தது. பவுன் என் வண்டியருகே நின்று அதையே பார்ப்பாள். "வெடிச்சிடும்க்கா" என்றாள் முதல் நாள். அடுத்த நாளும் சொன்னாள். அதற்கப்புறம் சொல்லவில்லை. வெடிக்கவில்லை.

கட்டி நசுக்கிய அன்றைக்குக் கிருஷ்ணப்ரியா வண்டிக்கு வர மத்தியானமாகிவிட்டது. பவுன் இரண்டாவது பில்டிங்கின் கடைசித் தளத்துக்குத் தண்ணீர் விட்டுவிட்டுக் கை கால் கழுவிக்கொண்டு காத்திருந்தாள். அந்தப் பெண் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"கொறைஞ்சுதா பாப்பா?" பவுன்தான் கேட்டாள்.

"குறைஞ்சுதுங்கக்கா. நீங்க தண்ணி விட்டப்ப வந்த அளவு வரல."

எனக்கு உயிர் வந்தது. பவுன் என் கையைப் பிடித்தாள்.

"ஆனா போதுங்கக்கா" என்றது அந்தப் பெண். "கட்டடத்துக்கு எவ்வளவு வேணுமோ அதுக்கு மேலயே இருக்கு. நான் மூணு தடவை சரி பாத்துட்டேன். போதும்."

போதும் என்றால் அப்புறம் என்ன இருக்கிறது பேச? அவள் விட்ட தண்ணீரில் பலம் கூடித்தான் இருந்தது. அந்தக் கூடுதல் யாருக்கும் தேவைப்படவில்லை. யாராவது ஏமாற்றியிருந்தால், யாராவது பொய்க்கணக்கு எழுதியிருந்தால், நான் அந்த வாசலிலேயே மண்ணை வாரித் தூற்றியிருப்பேன். தண்ணீர் இல்லாத ஊரில் தண்ணீர் மிச்சம். அந்தச் சாம்பலும் எங்கேயோ மலையாகக் குவிந்து கிடப்பதற்குப் பதிலாக வீடாகிறது. எல்லாம் நல்லதுதான், அந்தப் பெண்ணும் நல்லவள், தங்கராஜும் நல்லவர். நான் யாரைத் திட்டுவது? திட்ட ஆளே இல்லை.

அந்தப் பெண் நின்ற இடத்திலேயே அழ ஆரம்பித்தது. "நான் வேற வேலை கேட்டுப் பாக்கறனுங்கக்கா. ஸ்டோர்ல, இல்லீன்னா பெருக்கற வேலை…" அப்புறம் கேட்டும் பார்த்தது, பாவம். ஸ்டோரில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள்தான் வேண்டுமாம். பெருக்குவதற்கு ஏஜென்சியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

"அழுவாத பாப்பா, நீ பாஸ்தானே" என்று பவுன் அதன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். தடவியது இடது கையால். அந்தப் பெண்ணுக்கு அழுகை இன்னும் கூடியது.

மறுவாரம் நான் வண்டியை என் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டுப் பவுனோடு கசார்வாடிக்குப் போனேன். பழைய ஹைவேயை ஒட்டிக் கூலிக்காரர்கள் நிற்கிற அட்டா. காலையில் போய் நின்றால் கான்டிராக்டர்கள் பைக்கில் வந்து ஆள் பொறுக்கிக்கொண்டு போவார்கள். சட்டியும் மண்வெட்டியுமாக ஏகப்பட்ட கூட்டம். பவுன் தலையை எண்ணெய் தடவி வாரிக்கொண்டு, துவைத்த புடவையில், முன்வரிசையில் நின்றாள்.

ஒரு பைக் வந்து நின்றது. கான்டிராக்டர் சின்ன வயசுக்காரன்தான், மரியாதையாகத்தான் கேட்டான், "மௌஸி, க்யா காம் ஆதா ஹை?" சித்தி, என்ன வேலை தெரியும் என்று.

"பானி மார்தீ" என்றாள் பவுன், குரலை உயர்த்தி.

"அந்த வேலை இப்போ இல்லை மௌஸி. எங்க சைட்ல பானி வேண்டாத கான்கிரீட் வந்துடுச்சு" என்றான் இந்தியில்.

பவுன் ஒரு எட்டு முன்னால் வைத்தாள். தன் வேலைக்குத் தானே அத்தாட்சி சொல்கிற மாதிரி, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னாள், "உஸ்கோ பீ மைனே பானி மாரா." அதற்கும் நான்தான் தண்ணீர் விட்டேன்.

அவன் அதைத் தமாஷ் என்று நினைத்துச் சிரித்துவிட்டான். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அவன் பின்வரிசையிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டான். என்ன செய்வதென்று தெரியாமல் பவுனும் அவர்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டு நின்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.